மீட்டு மீது விழுந்த சிவப்புக் குறி

செவ்வாய்க்கிழமை காலை மைமூன் தரமணி அலுவலகத்தில் வந்து உட்கார்ந்தபோது, திரையில் ஒரு சிவப்புக் குறி அவளுக்காகக் காத்திருந்தது. குறிக்குக் கீழே நிரலின் பெயர் மீட்டு என்றிருந்தது. இலவச இசை மென்பொருள். நாற்பதாயிரம் காதுகளில் ஓடிக்கொண்டிருப்பதாகத் திரை சொன்னது.

ஆட்களைக் காதுகளாக எண்ணுவது அவர்கள் துறையின் பழக்கம். காது கேளாதவர்களின் மண்டைத் தோலுக்கு அடியில் ஒரு வட்டும், அதிலிருந்து செவி நரம்பு வரைக்கும் போகிற மெல்லிய கம்பியும் வைத்துத் தைப்பது அப்போது சர்க்கார் மருத்துவமனைகளிலேயே சாதாரணமாகிவிட்டிருந்தது. வெளியே காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் காயில் என்கிற வில்லை, வரும் ஒலியைச் சின்னச் சின்ன மின்துடிப்பாக மாற்றி உள்ளே அனுப்பும். மூளை அதைப் பேச்சாக எடுத்துக்கொள்ளும். போனில் போடுவதுபோல அந்தக் கருவியிலும் நிரல்கள் போட்டுக்கொள்ளலாம். தெரு இரைச்சலை அடக்க ஒன்று, செய்தி வாசிக்க ஒன்று. நிரல்கள் வந்த வழியில் கெட்ட நிரல்களும் வந்தன. அதனால் ஒவ்வொரு காதிலும் ஒரு காவல் நிரல் இருந்தே ஆகவேண்டும் என்று சட்டம் வந்தது.

பதினொரு நிறுவனங்கள் காவல் நிரல் செய்தன. பாதிக்கு மேற்பட்ட காவல்கள் ஒன்றைக் கெட்டது என்று சொல்லிவிட்டால், குறித்த கெடு முடிந்ததும் அது எல்லாக் காதுகளிலிருந்தும் தானாக அழிந்துவிடும். அதற்குள் ஒரு மனிதர் பார்த்து, இது வீண் எச்சரிக்கை என்று கையெழுத்துப் போட்டால் பிழைக்கும். செவிக்காவல் நிறுவனத்தில் அந்தக் கையெழுத்துப் போடுகிறவர்களில் மைமூனும் ஒருத்தி. அவளுக்கும் வலது காதுக்குப் பின்னால் ஒரு காயில் உண்டு. மேலப்பாளையத்தில் பதினொரு வயதில் வந்த காய்ச்சலில் போன காது, பத்தொன்பது வயதில் இப்படித் திரும்பி வந்தது. பேச்சு நன்றாகக் கேட்கும். பாட்டுதான் பிடிபடாது. கல்யாண வீட்டில் மேளம் தொடங்கியதும் காயிலைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வாள்.

பிரிவுத் தலைவர் ஈஸ்வரமூர்த்தி டீ டம்ளரோடு வந்து, தன் முகம் அவளுக்கு நேராகத் தெரிகிற இடத்தில் நின்றார். பெருந்துறைக்காரர். காது கேளாதவர்களோடு எப்படி நின்று பேசவேண்டும் என்று யாரும் சொல்லித்தராமலே தெரிந்துவைத்திருந்தவர்.

"பாத்துட்டீங்களா மைமூன்? ஏழு காவல் கெட்டதுன்னு சொல்லிருச்சுங்க. உறுதின்னு போட்டு விட்டுருங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் கெடு இருக்குதுன்னு எதுக்கு இழுத்துட்டு இருக்கோணும்?"

"ஏழு இல்ல சார், ஒண்ணுதான். மத்த ஆறும் அதே வாசகத்த அதே எழுத்துப்பிழையோட போட்டிருக்கு. இங்க பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். சிரித்துவிட்டார். "பரீட்சையில காப்பியடிச்ச மாதிரி இருக்குதுங்க." பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "ஆனா காப்பியடிச்ச விடையும் சரியா இருக்கலாமில்லீங்க?" என்றார்.

"இருக்கலாம். அதத்தான் பாக்கணும்."

"அந்த வெளையாட்டு நிரலை மறந்துராதீங்க."

யாரும் மறக்கவில்லை. மூன்று வருடங்களுக்கு முன் காதுக்குள்ளேயே விளையாடுகிற ஓர் இலவச நிரலை, வீண் எச்சரிக்கை என்று இந்த அறையில் இருந்த ஒருவர் விடுவித்தார். கொஞ்ச நாள் கழித்து அது அளவுக்கு மேல் மின்சாரத்தைத் திறந்துவிட்டது. அதைப் போட்டிருந்த சிலருக்கு நரம்பே கருகிப்போனது. மறுபடி ஆபரேஷன் செய்தும் பலனில்லை. அன்றிலிருந்து ஈஸ்வரமூர்த்திக்குச் சந்தேகம் என்றால் சிவப்புதான். அவரைக் குற்றம் சொல்ல மைமூனால் முடியவில்லை. ஆனால் நாற்பதாயிரம் பேர் ஒன்றை விரும்பிக் காதுக்குள் வைத்திருக்கிறார்கள் என்றால், பார்க்காமல் பிடுங்குவதும் அவளால் முடியாது.

அவள் மீட்டுவைச் சோதனைப் பெட்டிக்குள் போட்டாள். பொய்க் காது போல நடிக்கிற பெட்டி அது; எந்த நிரலையும் அதற்குள் ஓடவிட்டு வேடிக்கை பார்க்கலாம். மீட்டு ஓடவில்லை. ஒருமுறை கண்விழித்துச் சுற்றிப் பார்த்ததுபோல ஏதோ செய்துவிட்டு நின்றுபோனது. கெட்ட நிரல்களும் இப்படித்தான் செய்யும். தன்னை யாரோ கவனிக்கிறார்கள் என்று தெரிந்தால் பூனைபோல உட்கார்ந்துவிடும்.

நிரலை எழுதியவரின் எண்ணைத் தேடிப் பிடித்து வீடியோவில் அழைத்தாள். மார்த்தாண்டத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுக்கிற ஷெர்லி என்கிற பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பின்னால் கரும்பலகையில் பாதி அழித்த படம் ஒன்று தெரிந்தது.

காவல்கள் எழுதிய காரணங்களை மைமூன் படித்துக்காட்டியதும் அவள் முகம் இறுகியது. "ஒவ்வொரு தடவ புது வெர்ஷன் போடும்போதும் இதே கதைதான் மேடம். பெரிய கம்பெனிக்காரன் செஞ்சா யாராவது கேக்குதியளா? அவன் கையெழுத்துச் சான்றிதழ் வெல கொடுத்து வாங்கி ஒட்டிருவான். எனக்கு அதுக்கு வழியில்ல. சும்மா கொடுக்குதவ கள்ளியாத்தான் இருப்பான்னு உங்க காவலுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?"

"நான் கள்ளின்னு சொல்லல. கேக்கத்தான் கூப்பிட்டேன். உள்ள இருக்குத எல்லாத்தையும் ஏன் சுருட்டி மூடி வெச்சிருக்கிய?" கோபமாகப் பேசும் ஒருத்தியின் எதிரில் மைமூனுக்குத் தன் ஊர்ப் பேச்சு தானாக வந்துவிட்டது.

ஷெர்லிக்குக் குரல் கொஞ்சம் இறங்கியது. "பழைய காதுக் கருவியில இடம் ரொம்பக் கம்மி. அதான் சுருக்கிப் போடுத டூல் ஒண்ணு இருக்கு, அதுல போட்டேன். வைரஸ் எழுதுதவனும் அதே டூலத்தான் வெச்சிருக்கான். அதுக்கு நான் என்ன செய்ய?"

"மின்சாரத்த நேரா தொடுதே?"

"தொடாம பாட்டு எப்படி வரும்? கம்பியில புள்ளி புள்ளியா இருக்கு. ரெண்டு புள்ளிக்கு நடுவுல ஒரு சுரம் இருந்தா, ரெண்டுக்கும் கரண்டப் பங்கு வெச்சாத்தான் அது கேக்கும். அளவுக்கு மேல போகாம பூட்டு இருக்கு. சோர்ஸ் முழுசும் அனுப்புதேன், நீங்களே பாருங்க."

"எங்க பெட்டியில ஏன் ஓட மாட்டேங்குது?"

"உங்க பெட்டியில நரம்பு இருக்கா?" ஷெர்லி முதல்முறையாகச் சிரித்தாள். "துடிப்ப உள்ள அனுப்பி, நரம்பு எப்படித் துள்ளுதுன்னு பாத்து, அதுக்கு ஏத்த மாதிரிதான் அடுத்ததை அனுப்பும். சுவத்துக்க நாடியப் பிடிச்சுப் பாத்தா என்ன கிடைக்கும் மேடம்? அதான் நிக்குது."

அப்போது ஷெர்லிக்குப் பின்னால் கதவருகே ஒருவர் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு எட்டிப் பார்த்தார். காதுக்குப் பின்னால் காயில். ஷெர்லியின் கணவர் ஜெபசிங். மாதாகோவில் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்தவர், மூளைக் காய்ச்சலில் கேட்கும் திறனை இழந்தவர். ஆபரேஷனுக்குப் பிறகு குழு பாடுவது அவருக்குப் பாத்திரம் கழுவுகிற சத்தமாகக் கேட்டதாம். அதைச் சகிக்க முடியாமல்தான் ஷெர்லி இதை எழுதத் தொடங்கினாள். இப்போது அவர் மறுபடி குழுவில் பாடுகிறார்.

"கடைசியா ஒண்ணு," என்றாள் மைமூன். "அப்பப்ப வெளிய ஏதோ அனுப்புதே, அது என்ன?"

"அதா..." ஷெர்லி பாத்திரத்தை வாங்கி மேசையில் வைத்தாள். "ஒவ்வொரு காதும் கத்துக்கிட்டது அது. புதுசா வாறவங்களுக்கு ஒதவும். வெறும் துடிப்புக் கணக்குதான், பேரு ஊரு எதுவும் கிடையாது."

புதன்கிழமை முழுக்க மைமூன், ஷெர்லி அனுப்பிய சோர்ஸை, நிரலின் மூல எழுத்தை, வரிவரியாகப் படித்தாள். ஷெர்லி சொன்னது அத்தனையும் உண்மை. பூட்டு உறுதியாக இருந்தது. மைமூனே எழுதியிருந்தாலும் அதைவிடக் கவனமாக எழுதியிருக்க மாட்டாள். ஏழு காவல்களும் சொன்ன காரணங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. வெளியே போகிற அந்தக் கணக்கு மட்டும் மிச்சமிருந்தது. உயிருள்ள நரம்பு இருந்தால்தான் அதற்குள் ஏதாவது நிரம்பும். காகிதத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது.

வியாழக்கிழமை அவள் ஈஸ்வரமூர்த்தியின் அறைக்குப் போனாள். "என் காதுல போட்டுப் பாக்குறேன் சார்."

"வேண்டாமுங்க."

"வேற காது கிடையாது. நோயாளிய கூட்டிட்டு வந்து பண்ண முடியாது."

"அதேதாங்க நானும் சொல்றேன். உங்களுக்கும் வேற காது கிடையாது. ஒரு இலவச சாமானுக்காக இருக்குறதையும் தொலைச்சுட்டு நிக்கோணுமா?"

"பூட்டப் பாத்துட்டேன். நம்ம லேப்ல இருக்குற கரண்ட் தடுப்பையும் நடுவுல போடுறேன். மீறிப் போனா காயில இழுத்தாப் போதும், எல்லாம் நின்னுரும். பக்கத்துல யாராவது உக்காரணும், அவ்வளவுதான். பாக்காம கையெழுத்து போட மாட்டேன் சார். பச்சைக்கும் போட மாட்டேன், சிவப்புக்கும் போட மாட்டேன்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "யாராவது என்னங்க யாராவது. நானே உக்கார்றேன்."

சோதனை அறையில் அவர் அவள் காதோரம் கையை வைத்துக்கொண்டு, பாம்பைப் பிடிக்க உட்கார்ந்தவர் மாதிரி உட்கார்ந்தார். மைமூன் தன் காவல் நிரலைத் தற்காலிகமாக விலக்கிவைத்தாள். மீட்டு ஏறியது. லேபில் இருந்த ஒரு புல்லாங்குழல் பதிவை ஓடவிட்டாள்.

முதலில் தகரத்தில் ஆணி கீறுகிற சத்தம்தான். எப்போதும் கேட்கிறதுதான் அது. அவள் பொறுத்துக்கொண்டாள். பிறகு கீறல் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. ஏதோ ஒன்று அவள் நரம்பைத் தட்டிப் பார்த்து, காத்திருந்து, மறுபடி தட்டியது. திடீரென்று ஓர் ஒலி இன்னோர் ஒலிக்கு மேலே போய் நின்றது. சத்தம் கூடவில்லை. மேலே போயிருந்தது, அவ்வளவுதான். ஒலிக்கு மேலும் கீழும் உண்டு என்பதையே அவள் மறந்துவிட்டிருந்தாள். குழல் ஏறியது, ஒரு வளைவில் நின்று அசைந்தது, இறங்கியது. அது எங்கே போகிறது என்று அவளால் தொடர்ந்து போக முடிந்தது. பக்கத்தில் ஈஸ்வரமூர்த்தியின் போன் அடித்ததையோ, அவர் ஒரு கையை அவள் காதோரமிருந்து எடுக்காமலே மறுகையில் போனை வைத்து ஏதோ முணுமுணுத்ததையோ அவள் கவனிக்கவில்லை. பதிவு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

"வலிக்குதுங்களா?" அவர் பதறிப்போய்க் கேட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இல்லையென்று தலையாட்டினாள்.

வெளியே போன கணக்கு முழுவதற்கும் இடையில் ஒரு நகல் எடுத்து வைத்திருந்தார்கள். அவர் கீழே போனதும் மைமூன் அதைத் திறந்தாள். ஷெர்லி சொன்னதுபோல வெறும் துடிப்புக் கணக்குதான். பேரும் இல்லை, ஊரும் இல்லை. இது வீண் எச்சரிக்கை என்று எழுத அவள் விரல் தயாராக இருந்தது. மனசும் அதைத்தான் கேட்டது. அதனாலேயே ஒரு நிமிடம் நிறுத்தினாள். கருவிகளைச் சரிபார்க்க லேபில் ஒரு பழைய நிரல் உண்டு. நரம்பின் துடிப்பைக் கொடுத்தால் காது என்ன கேட்டிருக்கும் என்று திருப்பிச் சொல்லும். கணக்கை அதில் போட்டாள்.

குழல் வந்தது. குழலுக்கு அடியில், கரகரப்பாக, ஆனால் ஒரு சொல் பிசகாமல் ஈஸ்வரமூர்த்தியின் குரல் வந்தது.

"சொல்லு... ரிப்போர்ட் வந்துருச்சா? என்ன எழுதியிருக்குது? ... சரி. அழுவாத. நல்லா வைத்தியம் இருக்குது இப்பெல்லாம். பசங்ககிட்ட இப்ப ஒண்ணும் சொல்லிக்க வேண்டாம். நான் வந்தர்றேன்."

மைமூன் சட்டென்று நிறுத்தினாள். ஒருவர் வீட்டுக் கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டதுபோல அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த அலுவலகத்தில் அவர் வீட்டு விஷயம் ஒருவருக்கும் தெரியாது. இப்போது அவளுக்குத் தெரியும். அந்தக் கணக்கு போய்ச் சேருகிற, ஷெர்லியின் வாடகைக் கம்ப்யூட்டருக்கும் தெரியும்.

மறைத்துவைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்க முடியாது என்று தோன்றியது. அவர் மேலே வந்ததும் உட்காரச் சொல்லி ஹெட்போனைக் கொடுத்தாள். அவர் கேட்டார். ஹெட்போனைக் கழற்றி, ஒயரை மெதுவாகச் சுற்றி மேசைமேல் வைத்தார்.

"என்னை மன்னிச்சிருங்க சார். நான் கேட்டிருக்கக் கூடாது."

"உங்க மேல தப்பில்லீங்க. வீட்ல அவளுக்குத்தான். மார்ல கட்டி. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏழு காவல்ல ஒண்ணு கூட இதைச் சொல்லலீங்களே."

"அதுங்க சொன்னது எல்லாமே தப்பு சார். சொல்லாதது ஒண்ணுதான் நிஜம்."

"அப்பறம் என்னங்க? கெட்டதுதான். சிவப்பப் போட்டு முடிங்க."

"சிவப்பு போட்டா அந்தக் காரணத்துக்கெல்லாம் நான் கையெழுத்து போட்ட மாதிரி ஆயிரும். அந்தப் பொண்ணு, இலவசம்னாலே இப்படித்தான் பண்ணுவாங்கன்னு திட்டிட்டு, இதையே வேற பேர்ல எழுதும். அதுக்கு என்ன தப்புன்னே தெரியாது. நாப்பதாயிரம் பேருக்கும் எதுக்குப் போச்சுன்னு தெரியாது. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் கெடு இருக்குல்ல சார்? திருத்தினதக் கொண்டுவரச் சொல்றேன்."

அவர் எழுந்தார். வீட்டுக்குப் போக அவசரமாயிருந்தது. கதவருகே நின்று, "அவங்க திருத்தலீன்னா?" என்று கேட்டார்.

"நானே சிவப்பு போடுறேன். சரியான காரணத்த எழுதி."

வெள்ளிக்கிழமை காலை ஷெர்லியும் ஜெபசிங்கும் திரையில் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். மைமூன் சொன்னதை ஷெர்லி நம்பவில்லை. "துடிப்புலேருந்து பேச்சா? சும்மா சொல்லுதிய."

"எங்க நிரல அனுப்புறேன். மத்தவங்களோடத எடுக்காதிய. உங்க வீட்டுக்காரர் காது அனுப்பினது அங்க இருக்கும்லா? அதுல ஏதாவது ஒண்ணப் போட்டுப் பாருங்க."

ஷெர்லி ஏதோ ஒரு நாளை எடுத்துப் போட்டாள். முதலில் ஏதோ பாட்டு, அதற்கு அடியில் பிரஷர் குக்கர் சத்தம். பிறகு அவளுடைய குரல், சமையலறையிலிருந்து, போனில் அக்காவிடம் பேசுவது. "ஒரு வார்த்தைய நாலு தடவ சொல்லணும்க்கா. பாட்டு மட்டும் கேக்குது, நான் சொல்லுதது கேக்காது. மடுத்துச் சலிச்சுப் போச்சு எனக்கு."

ஷெர்லி மெல்லத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். பேச்சு எழுத்தாகவும் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் படித்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கே கேட்டேன்," என்றார் ஜெபசிங். "கேக்காத மாதிரி இருந்துகிட்டேன். அதுக்கு இப்ப ஏன் அழுத?"

ஷெர்லி மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தாள். "நான் பாட்டத்தான் எடுக்குதேன்னு நெனச்சேன் மேடம். சத்தியமா. சரி, போட்டிருக்குதவங்க எல்லாருக்கிட்டயும் சம்மதம் கேட்டுருவோம். சரின்னவங்களது மட்டும் வாறது போல மாத்துதேன்."

"போட்டிருக்கிறவர் சம்மதம் சொல்லலாம். பக்கத்துல நின்னு பேசுறவங்க?" மைமூன் ஈஸ்வரமூர்த்தியின் பெயரைச் சொல்லவில்லை. "எங்க ஆபீஸ்ல ஒருத்தர் எனக்கு ஒதவ வந்து உக்காந்தார். அவர் எந்த நிரலையும் போடல. அவர் வீட்டுத் துக்கம் உங்க கம்ப்யூட்டர்ல கிடக்கு."

"பேச்ச மட்டும் பிரிச்சு எடுத்துட்டா?"

"பாட்டு நடக்கும்போதுதான் பேசுதாங்க. ரெண்டும் ஒரே துடிப்புல பின்னிக் கிடக்கு. ஒழுங்காப் பிரிச்சிருவியளா? சாயங்காலத்துக்குள்ள வேண்டாம், ஒரு வருசத்துல?"

ஷெர்லிக்கு அது தெரிந்த வேலை; அதனால் முடியாது என்றும் தெரிந்திருந்தது.

"வந்த கணக்க எல்லாம் அழிச்சா என்ன ஆகும்னு தெரியுமா மேடம்?" அவள் குரல் தணிந்திருந்தது. "எல்லாருக்கும் பொதுவாத் தனியா ஒரு வரைபடம் எதுவும் கிடையாது. எல்லாக் காதும் அனுப்பின அந்தக் குவியல்தான் எல்லாம். புதுசா ஒரு காது வந்தா, குவியல்ல அதை மாதிரி இருக்குத காதுகளத் தேடிப் பிடிச்சு, அவங்க கத்துக்கிட்டத எடுத்துப் போடும். நேத்து நீங்க ஒரு பாட்டு கேட்டியல்லா? உங்க காது அதைக் கேக்கல. முகம் தெரியாத நூறு பேரு வருசக்கணக்காக் கேட்டு வெச்சத உங்களுக்குக் கடன் கொடுத்தது. குவியலு போச்சுன்னா உங்களுக்கும் போச்சு. இவிய பாடுததும் போச்சு."

மைமூனுக்கு இது தெரியாது; அவள் படித்தது காதில் ஓடுகிற நிரலை, குவியல் இருந்தது ஷெர்லியின் கம்ப்யூட்டரில். முந்தின நாள் முழுக்க அந்தக் குழலை உள்ளுக்குள் வைத்துக்கொண்டு திரிந்திருந்தாள். பேருந்தில் வீட்டுக்குப் போகும்போதும், ராத்திரி சோறு வடிக்கும்போதும் அது ஏறி, வளைந்து, இறங்கியதை நினைத்துக்கொண்டிருந்தாள். காரியம் முடிந்ததும் நிரந்தரமாக அதைக் காதில் போட்டுக்கொள்ளலாம் என்று மனசுக்குள் முடிவும் செய்திருந்தாள்.

"அப்படியே இருந்தாலும் அழிக்கத்தான் வேணும்," என்றாள்.

ஷெர்லி கணவர் பக்கம் திரும்பினாள். அவளால் கேட்க முடியவில்லை, அவரே சொன்னார். "அழிச்சிரு. ஊரான் வீட்டுப் பேச்செல்லாம் வெச்சுக்கிட்டு நான் என்ன ஆண்டவருக்குப் பாட? திரும்ப முதல்லேருந்து கத்துக்கிடுதேன். வெளிய அனுப்பாம அவனவன் காது அவனவனுக்குக் கத்துக்கிடுத மாதிரி எழுத முடியும்லா?"

"முடியும். ரொம்ப நாளாகும்."

"ஆகட்டும்."

மாலை கெடு முடிவதற்குள் புதிய மீட்டு வந்து சேர்ந்தது. வெளியே போகிற வழி அடியோடு எடுக்கப்பட்டிருந்தது. குவியல் அழிந்ததை மைமூன் தன் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டாள். பழைய மீட்டுவுக்குச் சிவப்பு. காரணத்தை, ஏழு காவல்களும் எழுதாத ஒன்றை, தன் கைப்பட எழுதினாள். புதிய மீட்டுவுக்கு, வீண் எச்சரிக்கை என்று பச்சை. ஈஸ்வரமூர்த்தி மருத்துவமனையிலிருந்து போனிலேயே இரண்டுக்கும் ஒப்புதல் கொடுத்தார். பிறகு, "அந்தப் பாட்டு உங்களுக்கு ரொம்பப் புடிச்சிருந்துதுங்களே," என்றார். அவள் மேசையை ஒழுங்குபடுத்துவதுபோல ஏதேதோ நகர்த்திவைத்தாள்.

அடுத்த நாளிலிருந்து வசவு வரத் தொடங்கியது. நேற்றுவரை கேட்ட பாட்டு எங்கே போயிற்று என்று கேட்டார்கள். மகள் பாடியதை முதல்முறையாகக் கேட்டேன், அதையும் பிடுங்கிவிட்டீர்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். நீங்கள் காவல்காரர்களா திருடர்களா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். பதில் எழுதவேண்டிய கட்டாயம் மைமூனுக்கு இல்லை. ஆனாலும் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் எழுதினாள். என்ன நடந்தது, ஏன் அழித்தோம், உங்கள் வீட்டில் பேசப்பட்டது எதுவும் இனி எங்கேயும் இல்லை என்று எழுதினாள். சிலர் புரிந்துகொண்டார்கள். மகள் பாடியதைக் கேட்டவர் பதில் போடவேயில்லை. அவருக்காக மைமூன் வெகுநேரம் வருத்தப்பட்டாள். கையெழுத்தை மாற்ற வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் தன் வீட்டில் புதிய மீட்டுவைக் காதில் ஏற்றி, அதே குழல் பதிவைப் போட்டாள். தகரமும் ஆணியும்தான். முழுவதையும் உட்கார்ந்து கேட்டாள். எங்கேயாவது ஓர் ஒலி மேலே ஏறுகிறதா என்று தேடினாள். எதுவும் ஏறவில்லை.

அப்போது மார்த்தாண்டத்திலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. ஜெபசிங் ஒரு கீபோர்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கீபோர்டில் ஷெர்லி.

"சிஸ்டர், உங்களுக்கு எப்படி இருக்கு?"

"ஒண்ணும் கேக்கல."

"எனக்கும்தான். மாதாகோவில் கொயர்ல இன்னைக்குப் பாட வேண்டாம்னு வந்துட்டேன். இவ ரெண்டு சுரம் வாசிப்பா. எது மேலன்னு நாம சொல்லணும். தனியா இருந்து செஞ்சா கிறுக்குப் பிடிச்சிரும், அதான் உங்களையும் கூப்பிட்டேன்."

தன் விரலை அவர்கள் பார்த்துவிடாதபடி ஷெர்லி ஒரு துண்டால் கையை மறைத்துக்கொண்டு இரண்டு சுரம் வாசித்தாள். மைமூனுக்கு இரண்டும் ஒரே டக் டக் என்றுதான் விழுந்தன. கண்ணை மூடிக்கொண்டாள்.

"ரெண்டாவது மேல," என்றாள்.

"எனக்கும் ரெண்டாவதுதான்," என்றார் ஜெபசிங்.

"ரெண்டு பேரும் தப்பு," என்றாள் ஷெர்லி. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "முதல்லதுதான் மேல."

ஜெபசிங் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். மைமூன் எழுந்து போய் நாற்காலியை இழுத்துத் திரைக்கு முன்னால் போட்டு, காயிலைச் சரியாக அழுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவ வாசிங்க," என்றாள்.